நுரையும் திரையும்: கிரேட்டா கார்போ குறித்து ஒரு சவரவியல் ஆய்வு

மௌனப் பட நடிகை கிரேட்டா கார்போவைப் பற்றி நூல்கள் ஏராளம். அவருடைய கண்ணிமை, தோள், தனிமை, காலணியின் அளவு வரை அலசியாயிற்று. ஆனால் அவர் பார்த்த முதல் வேலையை மட்டும் எல்லாரும் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். ஸ்டாக்ஹோமில் ஒரு முடிதிருத்தகத்தில், சவரத்துக்கு வந்து சாய்ந்த ஆண்களின் முகத்தில் சோப்பு நுரை போடுகிற வேலை அது. அந்த ஒரு வரியைத் தனித்துறையாக வளர்த்தெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். துறைக்குச் சவரவியல் என்று பெயர். ஆட்சேபம் உள்ளவர்கள் தாடியோடு வந்து வாதிடலாம்.

சினிமாவுக்கும் சவரத்துக்கும் உறவு உண்டு என்பதை முதற்கண் நிறுவ வேண்டும். எடிசனின் கினெட்டோஸ்கோப் பெட்டிகள் 1894 ஏப்ரல் 14 அன்று நியூயார்க் பிராட்வேயில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. காசு கொடுத்தவர் பெட்டியின் மேல் குனிந்து படம் பார்க்க வேண்டும். அப்படிக் காட்டிய படங்களுள் ஒன்று 'தி பார்பர் ஷாப்'. அரை நிமிடம்கூட ஓடாத அப்படத்தில் ஒருவர் நாற்காலியில் சாய்கிறார், சவரம் நடக்கிறது. ஐந்து சென்ட்டுக்குச் சவரமும் முடிவெட்டும் என்று ஓர் அறிவிப்புப் பலகையும் தெரிகிறது. ஐந்து பெட்டிகள் பார்க்கக் கட்டணம் 25 சென்ட், அதாவது பெட்டிக்கு ஐந்து. சவரம் செய்துகொள்ளவும் ஐந்து சென்ட், அடுத்தவர் செய்துகொள்வதைப் பார்க்கவும் ஐந்து சென்ட். இந்த விலைப் பொருத்தத்தைத் தற்செயல் என்று தள்ளுவது ஆய்வு நெறி ஆகாது.

இனி நாயகிக்கு வருவோம். 1905 செப்டம்பர் 18 அன்று ஸ்டாக்ஹோமின் சோடர்மால்ம் பகுதியில் பிறந்தவர் கிரேட்டா லோவிசா குஸ்டாஃப்சன். தந்தை கிடைத்த கூலி வேலைக்குப் போனவர். மகளின் படிப்பு பதின்மூன்று வயதோடு நின்றது. 1920இல் தந்தையும் காலமானார். முடிதிருத்தக வேலை இந்தக் கஷ்ட காலத்தைச் சேர்ந்தது.

நுரை போடுவது எளிதென்று நினைப்பவர்கள் ஸ்ப்ரே டப்பா யுகத்தில் பிறந்தவர்கள். கிண்ணத்தில் சோப்பும் வெந்நீரும் சேர்த்து, நுரை கெட்டியாகி பிரஷ்ஷிலிருந்து சொட்டாமல் நிற்கும்வரை சுழற்ற வேண்டும். பிறகு கன்னம், தாடையின் அடி, காதோரம், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலுள்ள அந்தச் சங்கடமான பள்ளம் என்று ஓரிடம் விடாமல் பூசி, விரல்நுனியால் தேய்த்துவிட வேண்டும். நீரைக் குடித்த முடி உப்பி இளகும். காய்ந்த முடியைவிட ஈர முடியை வெட்டக் கத்திக்குச் சிரமம் குறைவு. நுரையில் அவசரம் காட்டினால் கத்தி இழுக்கும், கன்னம் எரியும். பழி மட்டும் கத்தி பிடித்தவர் தலையில் விழும்.

இங்கே சவரவியலின் மூலக்கோட்பாடு பிறக்கிறது. நுரை பூசிய ஆண் பேச முடியாது. வாயைத் திறந்தால் சோப்பு உள்ளே போகும். எவ்வளவு பெரிய மனிதரானாலும் கோபம், பசி, கூச்சம், கடன் தொல்லை எல்லாவற்றையும் புருவத்தாலும் கண்ணாலும்தான் தெரிவித்தாக வேண்டும். அதாவது, சவர நாற்காலியில் சாய்ந்திருப்பவர் ஒரு மௌனப் பட நடிகர். அந்த முகத்தை ஒரு சாண் தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், நாளெல்லாம் பார்த்த பெண்ணுக்கு க்ளோசப் என்பது புதிதாகக் கற்க வேண்டிய பாடமா என்ன?

சவர நாற்காலியிலிருந்து திரைக்குப் போன வழியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1922இல் 'லுஃபார் பெட்டர்' என்ற நகைச்சுவைப் படத்தில் சிறு வேடம். பின்னர் அரச நாடக அரங்கின் நடிப்புப் பள்ளி. அங்கிருந்து இயக்குநர் மவுரிட்ஸ் ஸ்டில்லர் அவரை அழைத்துப்போய், செல்மா லாகர்லோஃப் நாவலைப் படமாக்கிய 'யெஸ்தா பெர்லிங்'கில் நடிக்க வைத்தார். அது 1924. மறு ஆண்டு பாப்ஸ்ட் இயக்கத்தில் ஒரு ஜெர்மானியப் படம். அதே 1925இல் எம்.ஜி.எம். ஒப்பந்தத்தோடு ஸ்டில்லருடன் நியூயார்க்கில் கப்பல் இறங்கினார்.

அவர் போய்ச் சேர்ந்த நாட்டில் ஆண்களின் முகமே ஒரு பொதுப் பிரச்சினையாக இருந்தது. கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்றது 51 ரேசர்கள், 168 பிளேடுகள். முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு படைவீரர்களுக்காக வாங்கியதோ 35 லட்சம் ரேசர்கள், 3 கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகள். விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டுமென்றால் தாடி ஆகாது. ஊர் திரும்பிய வீரர்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் தாமே மழித்துக்கொண்டார்கள். வருமானம் குறைந்த முடிதிருத்துநர்கள் எரிச்சலில் இருந்த நேரம் பார்த்து, 1924இல் ரூடால்ஃப் வாலண்டினோ தாடி வளர்த்தார். அதை எடுக்கும்வரை அவர் படங்களைப் பார்ப்பதில்லை என்று முடிதிருத்துநர் சங்கத்தார் தீர்மானம் போட்டார்கள். தாடி போயிற்று.

கார்போவின் படங்களிலும் சான்றுகள் உண்டு. 1926இல் 'தி டெம்ப்ட்ரெஸ்' படப்பிடிப்பில் கதாநாயகன் அன்டோனியோ மோரேனோவிடம் மீசையை எடுக்கச் சொன்னாராம் ஸ்டில்லர். கார்போவின் பாதம் சிறியதாகத் தெரிய, பெரிய பூட்ஸும் மாட்டிக்கொள்ளச் சொன்னாராம். படத்தின் நட்சத்திரம் தாம் என்றிருந்த மோரேனோ இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று விளக்கத் தேவையில்லை. படம் முடியும் முன்பே ஸ்டில்லரை நீக்கிவிட்டு, ஃப்ரெட் நிப்லோவிடம் படத்தை ஒப்படைத்தது எம்.ஜி.எம். மீசையில் கை வைத்த இயக்குநர் ஹாலிவுட்டில் தழைக்க மாட்டார் என்பது இதிலிருந்து பெறப்படும் துணைக்கோட்பாடு.

அதே ஆண்டு எடுத்த 'ஃபிளெஷ் அண்ட் தி டெவில்' படத்தில் ஜான் கில்பர்ட்டோடு ஒரு தோட்டக் காட்சி. இருட்டில் சிகரெட்டுக்காக ஒரு தீக்குச்சி எரிகிறது, அந்த வெளிச்சத்தில் இரு முகங்களும் தெரிகின்றன. உண்மையில் தீக்குச்சிக்கு அவ்வளவு வெளிச்சம் ஏது? ஒளிப்பதிவாளர் வில்லியம் டேனியல்ஸ் கில்பர்ட்டின் கைக்குள் ஒரு சின்ன விளக்கை மறைத்து வைத்திருந்தார். முகத்துக்கும் முகத்துக்கும் இடையே மீண்டும் அந்த ஒரு சாண் தூரம். கில்பர்ட் தவிக்கிறார். கார்போ அவரை அவசரமே இல்லாமல் பார்க்கிறார். அடுத்து எந்தக் கன்னம் என்று யோசிப்பவரின் பார்வை அது.

அற்றேல், நுரை போட்ட காலம் சொற்பம், அதற்குப் பிறகு 1920இல் பப் என்ற பெரிய கடையின் தொப்பிப் பிரிவில் சேர்ந்து அங்கல்லவா நீடித்தார் எனின், அதுவும் கேட்கத்தக்கதே. தொப்பிக் கட்சியாரிடம் ஆவணங்கள் பலமாக உள்ளன. கடையின் 1921 வசந்தகால விலைப்பட்டியலில் கார்போ ஐந்து தொப்பிகளோடு காட்சி தருகிறார். அவர் முதலில் தோன்றிய விளம்பரப் படமும் அந்தக் கடைக்காக எடுத்ததுதான். போதாக்குறைக்கு, 1939இல் வந்த 'நினோச்கா'வின் திருப்பமே ஒரு கோமாளித் தொப்பியைச் சுற்றி அமைந்தது. நுரைக் கட்சியின் மறுப்பு எளியது: தொப்பி வாங்க வருபவர் பேசிக்கொண்டே இருப்பார். தொப்பிக் கடையில் ஒருவர் பேசும்படத்துக்குத் தயாராகலாம், மௌனப் படத்துக்கு ஆக முடியாது.

பேசும்படம் என்றதும் தேதிகள் நமக்கே சாதகமாக வந்து நிற்கின்றன. 1929இல் வந்த 'தி கிஸ்' கார்போவின் கடைசி மௌனப் படம். 1930இல் 'அன்னா கிறிஸ்டி' வந்தபோது, கார்போ பேசுகிறார் என்பதையே எம்.ஜி.எம். விளம்பரமாக்கியது. ஒரு மதுக்கடைக்குள் களைத்துப்போய் நுழைந்து விஸ்கி கேட்பதற்காகத்தான் அவர் திரையில் முதன்முதலாக வாய் திறந்தார். அதற்குப் பின்னும் பதினொரு ஆண்டுகள் நடித்து, 1941இல் முப்பத்தாறு வயதில் திரையை விட்டு விலகினார்.

கடைசியாக, நிலப் பத்திரச் சான்று. பிளேடு பணத்தில் கலிபோர்னியாவின் கலபாசஸில் பெரும் பண்ணை வாங்கிய ஜில்லெட், 1920களின் இறுதியில் வாலஸ் நெஃப் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அங்கே மாளிகை எழுப்பினார். 1932இல் அவர் காலமான பிறகு, 1935இல் அதை வாங்கியவர் இயக்குநர் கிளாரன்ஸ் பிரவுன். 'ஃபிளெஷ் அண்ட் தி டெவில்', 'அன்னா கிறிஸ்டி', 'அன்னா கரேனினா' உட்பட கார்போவின் ஏழு படங்களை இயக்கியவர். நுரை போட்ட பெண்ணை வைத்துப் பெயர் வாங்கிய இயக்குநர் குடியேற, உலகத்தில் வேறு வீடே கிடைக்கவில்லை.

இத்தனை சான்றுகளுக்கு நடுவே துறைக்கு ஒத்துவராத சான்று ஒன்றே ஒன்றுதான். உலகெங்கும் போன ஜில்லெட் பிளேடு உறைகளில் அச்சான முதலாளியின் படத்தில், மேலுதட்டில் அடர்த்தியாக ஒரு மீசை இருக்கிறது.