எண்ணெய்க்குத் தோண்டினால் வாயு

கேள்வி: வங்கதேசத்துக்கு எரிவாயு யோகம் அடித்தது எப்போது? அப்புறம் ஏன் இறக்குமதி?

பதில்: 1955-இல், சில்ஹெட் பக்கம் ஹரிப்பூரில். எண்ணெய் தேடித் தோண்டிய முதல் கிணறே வெடித்துச் சீறி, வாயு இருக்கிற சேதியை ஊருக்கே சொல்லிவிட்டது. 1960களில் ஷெல் நிறுவனம் ரஷீத்பூர், திதாஸ், ஹபிகஞ்ச் என்று வரிசையாகக் கண்டெடுத்தது. அவற்றில் ஐந்து வயல்களை 1975 ஆகஸ்ட் 9 அன்று அரசு வாங்கியது. விலை 45 லட்சம் பவுண்டு; அடிமாட்டு விலைதான்!

வீடுகளுக்குக் குழாயில் எரிவாயு வந்தது, மீட்டர் வரவில்லை. எவ்வளவு எரித்தாலும் மாதம் ஒரே கட்டணம். ஆகவே தீக்குச்சியை மிச்சம் பிடிக்க அடுப்பை அணைக்காமலே விட்ட வீடுகள் உண்டு. மழைக்காலத்தில் அந்தத் தீயில் துணியும் காய்ந்தது. இது போதாதென்று, 1997-இல் மாகுர்சராவிலும் 2005-இல் தெங்ராதிலாவிலும் தோண்டும்போதே கிணறுகள் தீப்பிடித்து ஏராளமான வாயு வீணானது.

1998-இல் பிபியானா என்னும் பெரிய வயல் கிடைத்தும் தேவை அதையும் விழுங்கியது. ஆகவே 2018 முதல் திரவ இயற்கை எரிவாயு கப்பலில் வருகிறது. கடலடியில் வாயு தேடத் தடையாக இருந்த, மியான்மர், இந்தியாவுடனான கடல் எல்லை வழக்குகள் 2012, 2014-இல் தீர்ந்தன. ஆழ்கடல் தேடல்தான் இன்னும் சூடுபிடிக்கவில்லை.