மேரி எழுந்தது, மன்றம் எப்போது?

கே: புதுச்சேரியில் பிள்ளைகள் கால்பந்து ஆடும் திடலில் நாளை கட்டடம் எழும்பினால், எந்தக் கவுன்சிலரைப் பிடிப்பது?

ப: கவுன்சிலரா? அவரை 2006-இல் போய்த் தேட வேண்டும்! 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து அந்த ஆண்டில்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. பிரெஞ்சு அரசாணை 1880-லேயே நகராட்சி மன்றங்களைக் கொண்டுவந்த ஊர் இது. 2014 மழையில் இடிந்த மேரி என்னும் பழைய நகராட்சிக் கட்டடத்தைக்கூட மறுபடி கட்டி 2021-இல் திறந்துவிட்டோம். மன்றத்தை மட்டும் எழுப்பவில்லை. எம்.எல்.ஏ. இருக்கிறாரே என்பார்கள். அவர் தொகுதி முழுவதற்கும் பொறுப்பானவர். திடல், வாய்க்கால், குப்பை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் வார்டிலேயே நிறுத்திக் கணக்குக் கேட்க ஓர் ஆள் வேண்டும். இட ஒதுக்கீட்டுச் சிக்கலால் 2021-இல் தேர்தல் தடைப்பட்டது உண்மை. அதைத் தீர்ப்பது அரசின் கடமை, தேர்தலைத் தள்ளிப்போட அது காரணமாகாது. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் என்பது அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் தந்த உரிமை. திடலுக்காக மனு எழுதும்போது, வார்டு தேர்தலையும் அதே மனுவில் கேளுங்கள்.