மாமாவைக் கேளுங்கோ: தொட்டில் பக்கம்

புதுத் தாய், வெள்ளவத்தை
பிள்ளை பிறந்து 5 நாள். காரணமில்லாமல் அழுகை வருது. நான் கூடாத அம்மாவோ, மாமா?

பிள்ளையும்தான் காரணமில்லாமல் அழுகுது. அதை யாரும் கூடாத பிள்ளை என்றதில்லையே! முதல் கிழமை அழுகை பெரும்பாலான தாய்மாருக்கு வரும், போகும். இரண்டு கிழமை தாண்டியும் போகாவிட்டால் அது விருந்தாளி இல்லை, வாடகைக்கு வந்துவிட்டது. மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லு.

மாமியார், கொட்டாஞ்சேனை
நாங்களும் நாலு பெற்றோம். எங்களுக்கு இந்த டிப்ரெஷன் வரவில்லையே?

வந்ததக்கா. அப்போது அதற்குப் பெயர் 'கிரகம் சரியில்லை'. 1987இல் எடின்பரோவில் 10 கேள்விகள் எழுதினார்கள். கடந்த 7 நாள் எப்படிப் போனது என்று தாயிடம் கேட்பதற்கு. முதல் கேள்வியே சிரிப்பைப் பற்றி. உங்கள் மருமகள் கடைசியாக எப்போது சிரித்தா?

பெயர் வேண்டாம், கொழும்பு 6
அடிபட்டே வளர்ந்தேன். மறந்துவிட்டதாக நினைத்தேன். மகளைத் தூக்கினால் எல்லாம் திரும்பி வருது. நானும் அப்படித்தான் ஆவேனோ?

மனம் பழைய சாமானை எறிவதில்லை, பரணில் போட்டு வைக்கும். தொட்டில் எடுக்க ஏறினால் மற்றதும் சேர்ந்து தலையில் விழும். செல்மா ஃபிரைபேர்க் என்ற அமெரிக்கப் பெண்மணி 1975இலேயே இதற்குப் பெயர் வைத்தார்: 'தொட்டிலறைப் பேய்கள்'. அவர் கண்டது உனக்கு நல்ல செய்தி. பட்ட வலியை வலியாகவே நினைவு வைத்திருக்கிற தாய், அதைப் பிள்ளையில் இறக்குவது அரிது. "அடித்து வளர்த்ததால்தான் உருப்பட்டேன்" என்று சிரிக்கிறவர்களைத்தான் நான் பயந்து பார்க்கிறேன். நீ அழு பிள்ளை. ஆனால் ஒருவரிடம் சொல்லி அழு.

ஒரு கணவன், கொட்டாஞ்சேனை
மனைவி 2009இல் முள்ளிவாய்க்காலில் 9 வயதுப் பிள்ளை. இப்போது மகனை ஒரு நிமிஷம் கீழே வைக்கமாட்டாள். பட்டாசு என்றால் உடம்பு நடுங்குது. எப்படித் திருத்துவது?

திருத்துவதற்கு அவள் என்ன அச்சுப்பிழையா? பிள்ளையைப் பிடுங்காதே, பக்கத்தில் இரு. வேட்டுச் சத்தம் வரும் நாள் தெரிந்தால் முதலே சொல்லி வை. நித்திரைக்கு இரண்டு மணித்தியாலம் வாங்கிக் கொடு. பிறகு வைத்தியரிடம் கூட்டிப்போ, நீயும் உள்ளே போ.

அரச ஊழியர், தெமட்டகொட
அப்பாவாகிவிட்டேன். எத்தனை நாள் லீவு?

3. கலியாணப் பந்தல் கழற்றவே அதைவிடக் கூட நாள் வேணும்.

இன்னொரு தாய், வெள்ளவத்தை
வீடு நிறைய ஆட்கள். ஆனாலும் தனிமை. ஏன்?

பிள்ளை பார்க்க வந்து தேத்தண்ணி கேட்கிறவர் ஆள். தேத்தண்ணி போட்டு, கோப்பையும் கழுவி வைத்துப் போகிறவர் ஆதரவு. உன் வீட்டில் எண்ணிப் பார். பால்சுறா, பத்தியக்கறி, வேதுத் தண்ணி என்று 31 நாளும் தாயைப் படுக்க வைத்துப் பிள்ளையை ஏந்தின ஆச்சிமார் இருந்தார்கள். (வாயும் அவர்களுக்கு நீளம்தான், மறைக்கவில்லை.) இப்போது ஆச்சி கனடாவில். துடக்குக் கழிவு வாட்ஸ்அப்பில்.

சந்தேகி, பம்பலப்பிட்டி
வெறும் பேச்சால் மனநோய் மாறுமா?

பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் மனச்சோர்வுத் தாய்மாரிடம் வீடு வீடாகப் போய் முறையாகப் பேசினார்கள். பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற ஊர்ச் சுகாதாரப் பெண்கள். பிள்ளைக்கு 6 மாதமானபோது சோர்வு நீடித்தது 23 வீதத்தினருக்கு. அந்தப் பேச்சுக் கிடைக்காதவர்களில் 53 வீதம். 2008இல் வெளிவந்த ஆய்வு. வெறும் பேச்சு என்பது தேர்தல் மேடையில் நடப்பது.

ஒரு அக்கா, கொட்டாஞ்சேனை
யாருக்கு அடிப்பது? தங்கச்சிக்கு ஏதோ குரல் கேட்குதாம்.

மனம் சோர்ந்தால் 1926, தேசிய மனநல நிறுவகம். களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய வருஷமும் அதுவே, மறக்கமாட்டீர்கள். ஆனால் குரல் கேட்பது வேறு கதை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வரும், அவசரம். தங்கச்சியைத் தனியே விடாமல் இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கோ. பெயர்வைப்பை அடுத்த கிழமையும் வைக்கலாம்.