வீட்ல எத்தனை பேர் சார்?

எழுபதுகளில் எங்கள் வீட்டில் பிரெட் சாப்பிட வேண்டுமென்றால் முதலில் காய்ச்சல் வர வேண்டும். உடம்பு லேசாகச் சுடுகிறது என்பதெல்லாம் செல்லாது. டாக்டர் தெர்மாமீட்டரை உதறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளைக்குச் சோறு வேண்டாம், பிரெட் குடுங்க" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். பிறகுதான் அப்பா சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லிக்கு சைக்கிளை மிதிப்பார். மெழுகுத்தாள் சுற்றிய மாடர்ன் பிரெட், ஹேண்டில்பாரில் மாட்டிய பையில் வந்து இறங்கும். அந்த நிமிஷமே நோயாளியைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் பசி எடுக்கும்.

அந்த பிரெட்டைச் சுட்டது சாட்சாத் இந்திய அரசாங்கம். ரயில் ஓட்டி, தபால் கொடுத்து, ஆவடியில் டாங்கியும் செய்துகொண்டிருந்த அரசுக்கு ரொட்டி மட்டும் ஏன் விட்டுப்போக வேண்டும்? 1965-ல் மாடர்ன் பேக்கரீஸ் என்று ஒரு பொதுத்துறை நிறுவனமே தொடங்கினார்கள். 2000-ல் அதை ஹிந்துஸ்தான் லீவருக்கு விற்றார்கள். மத்திய அரசு தன் நிறுவனங்களைத் தனியாருக்குக் கைமாற்றத் தொடங்கியபோது முதலில் கைவிட்டுப் போனது ரொட்டிதான். காய்ச்சல்காரர்கள் யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை.

டோஸ்ட் போடுவது தோசைக்கல்லில். நோயாளிக்கு வெறுமனே வாட்டியது. மற்றவர்களுக்கு நெய் தடவி, மேலே சர்க்கரை தூவியது. இந்த அநீதியை நான் படுக்கையிலிருந்தே மூக்கால் கண்டுபிடித்திருக்கிறேன். கல் எத்தனை பேருக்கானது என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் எத்தனை பேர் என்பதே நிச்சயமில்லை. பாட்டி, அத்தை, வேலை தேடி வந்த சித்தப்பா, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்தும் போக மனமில்லாமல் தங்கிவிட்ட இன்னொரு சித்தப்பா. எண்ணிப் பார்த்தால் பாட்டிக்குக் கோபம் வரும். சாப்பிடுகிறவர்களை எண்ணக் கூடாதாம். அதனால் இட்லியையும் ஆள் கணக்கில் வைக்காமல் ஈடு கணக்கில் வைத்திருந்தார்கள்: "இன்னும் ரெண்டு ஈடு ஊத்து."

இப்போது அதே சென்னீர்குப்பத்தில் லிஃப்ட் வைத்த அடுக்ககத்தில் இருக்கிறோம். பூந்தமல்லிக்கு மெட்ரோ பாலம் வந்துவிட்டது. மருமகள் டோஸ்டர் வேண்டும் என்றாள். கடையில் பையன் விலையைச் சொல்லும் முன்பே, பாட்டி கேட்கக் கூடாது என்றதைக் கேட்டான்: "வீட்ல எத்தனை பேர் சார்?"

"அஞ்சு."

"அப்ப நாலு ஸ்லைஸ் மாடல் எடுத்துக்குங்க. ரெண்டு ஸ்லைஸெல்லாம் புருஷன் பொண்டாட்டி மட்டும் இருக்கிற வீட்டுக்கு."

கணக்கு சரி மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த ஐந்து பேரையும் காலையில் ஒருசேரப் பார்க்க ஆயுத பூஜை வர வேண்டும். மருமகளுக்கு ஆறரைக்கு கம்பெனி கேப். பேத்திக்கு ஏழேகாலுக்கு வேன். நைட் ஷிஃப்ட் முடித்த மகன் படுக்கையை விட்டு எழும்போது எனக்கு மதியச் சாப்பாடு. மனைவிக்கு சர்க்கரை, பிரெட்டே ஆகாது. ஆக, ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரே நேரத்தில் டோஸ்ட் கேட்பவர் ஒருவர். மிஞ்சிப் போனால் ஒன்றரை. டோஸ்டரின் அளவைத் தீர்மானிப்பது குடும்ப அட்டையில் உள்ள பெயர்கள் அல்ல, அலாரங்கள். நான்கு துண்டு மெஷினில் ஒற்றைத் துண்டைப் போட்டு, பக்கத்து வாயிலும் கம்பி வீணாகச் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

கரன்ட் விஷயம் அதைவிட முக்கியம். கடைகளில் அதை யாரும் கேட்பதில்லை. இரண்டு துண்டு டோஸ்டர் 750, 800 வாட்ஸ் இழுக்கும்; சாதாரண 6 ஆம்பியர் பிளக் போதும். நான்கு துண்டு மாடல்கள் 1,400, 1,500 வரை போகும். 230 வோல்ட்டில் அது 6 ஆம்பியரைத் தாண்டிவிடும், பெரிய பிளக் பாயின்ட் வேண்டும். எங்கள் சமையலறையில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்று. அதில் மைக்ரோவேவ் குடியேறி, காலி செய்ய மறுக்கிறது.

செலவென்று பார்த்தால் சிறியதில் ஒரு ஈடு டோஸ்ட் மூன்று நிமிஷம், 0.04 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வேறெதையும் ஓட்டாமல் டோஸ்டரை மட்டும் ஓட்டினால் 2,500 ஈடு. அன்று மத்திய அரசு ரொட்டி சுட்டது. இன்று மாநில அரசு அதை டோஸ்ட் போட்டுத் தருகிறது. கூட்டாட்சி என்பது இதுதான் போலிருக்கிறது.

தானாக எகிறும் டோஸ்டருக்கு 1921-ல் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் ஸ்ட்ரைட் என்ற அமெரிக்கர். தொழிற்சாலை கேன்டீனில் கருகிய ரொட்டி தின்று வெறுத்துப்போய்ச் செய்தார் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இயந்திரத்தில் துண்டு போட்ட பிரெட் அங்கே கடைக்கு வந்ததே 1928-ல்தான். அதற்குள் வீட்டு டோஸ்டர் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வாய் முதலில் பிறந்தது, கவளம் பிறகு.

இந்த வாய்க்கும் கவளத்துக்கும் எங்கள் ஊரில் இன்னும் ஒத்துப்போகவில்லை. கம்பெனி பிரெட் ஒழுங்காக உள்ளே போகிறது. கரையான்சாவடி பேக்கரி பால் பிரெட் உயரம் அதிகம். மேலே ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அங்கே மட்டும் வெள்ளை. பேத்தி அதைத் தொப்பி என்று கிள்ளி வைத்துவிடுவாள். கத்தியால் தடிமனாக அறுத்ததென்றால் சிக்கிக்கொள்ளும். பன்னை எப்படித் திருப்பினாலும் போகாது. ஆகவே எத்தனை துண்டு என்பதை விட்டுவிட்டு, துளையின் அகலத்தையும் ஆழத்தையும் பார்த்து வாங்குவது உத்தமம். வழக்கமாக வாங்கும் பிரெட்டில் ஒரு துண்டைக் கடைக்கே எடுத்துப்போய்ப் போட்டுப் பார்க்கலாம். நான் போட்டுப் பார்த்தேன். கடைப் பையன் சூபர்வைசரைக் கூப்பிட்டான்.

இரண்டு துண்டு மாடலையே பில் போடச் சொன்னபோது மருமகள் கடைசியாக ஒன்று கேட்டாள்: "மாமா, கெஸ்ட் வந்தா என்ன செய்யறது?"

மனைவி முந்திக்கொண்டாள். "வர்றவங்களுக்கு பிரெட்டா குடுப்பே? இட்லிப் பானை இருக்கில்ல, ரெண்டு ஈடு ஊத்தினா ஆச்சு. மாவு பாக்கெட்தான் வேணும். வர்ற வழியில வாங்கிக்கலாம்."