தலைவர் யாருங்க?

அர்ச்சகர் ராஜாவிடம் சொன்ன பொய்யைக் காப்பாற்ற லிங்கத்துக்கே குடுமி முளைத்ததாம் குடுமியான்மலையில். நியாயப்படி மேக்கப்காரர்கள் சங்கம் இங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும். அதற்குப் பதில், 7, 8ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒரு ராஜா குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இசைக்கு விதிமுறை வெட்டிவைத்தார். ஏழு பிரிவு, வரிவரியாகச் சுரங்கள். பொதுக்குழு இல்லை, கோரம் இல்லை. ருத்ராசாரியாரின் சீடன் என்று குருநாதர் பெயரைப் போட்டவர், தன் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார். மகேந்திரவர்ம பல்லவனா, வேறு ஆளா என்று அறிஞர்கள் முட்டி மோதியாகிவிட்டது. தலைவர் பெயர் தெரியாததால் கோஷ்டியும் சேரவில்லை.

திருமயத்துக்காரர்கள் விவரமானவர்கள். அங்கே சிவன் குடைவரையிலும் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் தகராறு முற்றிப் பஞ்சாயத்தானது. உடன்படிக்கை எழுதச் சுவர் வேண்டுமே! சுரங்களை உளியால் கொத்தித் தள்ளிவிட்டு, மேலே பங்குக் கணக்கை வெட்டினார்கள். கலை உலகின் முதல் சட்டத்திருத்தம் என்று இதைத்தான் சொல்வேன்.

அந்தத் திருமயத்தில் 1887இல் பிறந்தவர்தான் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபைக்கு முதல் தலைவர்: தீரர் சத்தியமூர்த்தி. படமுதலாளி அல்ல, காங்கிரஸ்காரர். சபா நாடகத்தில் மனோகரனாக நடித்தவர், சட்டசபையில் வெள்ளைக்காரனைத் திணறடித்தவர். வரி, தணிக்கை என்று சர்க்காரோடு மல்லுக்கட்ட வேண்டியவர்களுக்கு லென்ஸ் தெரிந்த ஆள் எதற்கு? வாய் உள்ள ஆள் போதும்.

நடிகர் சங்கம் 1952இல் பிறந்தது. அதற்கு முன்னின்றவரும் நடிகரல்ல, டைரக்டர் கே. சுப்ரமணியம். எங்கள் புதுக்கோட்டை நடிகர் பி.யு. சின்னப்பா 1951இலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் சந்தா கட்டாமல் தப்பித்தார். தலைவர், 2 துணைத்தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர், 24 செயற்குழு உறுப்பினர். 3 ஆண்டுக்கு ஒரு தேர்தல். காகிதத்தில் சுருதி சுத்தம்.

2019 ஜூன் 23 அன்று மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் ஓட்டுப்பதிவு. மும்பையில் படப்பிடிப்பிலிருந்த ரஜினிகாந்துக்குத் தபால் ஓட்டுச்சீட்டு முந்தின நாள் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தது. சூப்பர் ஸ்டாரால் ஓட்டுப் போட முடியவில்லை. போட்டவர்கள் ஓட்டையாவது எண்ணினார்களா? வழக்குமேல் வழக்காகி, பெட்டி திறந்தது 2022 மார்ச் 20இல். 3 ஆண்டுப் பதவிக்கு நடந்த தேர்தலின் முடிவு, 3 ஆண்டு முடிய 3 மாதம் இருக்கும்போது வந்தது. ஜெயித்தவர்கள் 2015இல் ஜெயித்த அதே நாசர், விஷால், கார்த்தி. மாலைகள் மட்டும் புதுசு.