அன்னம் ஆடினால் விசேஷம்

பாலையும் தண்ணீரையும் பிரித்துக் காட்டும் பறவை என்று அன்னத்துக்கு நம்மிடம் ஒரு நல்ல பெயர் உண்டு. சோவியத் டிவியில் பாலே ஆடிய அன்னம் அந்த வம்புக்கெல்லாம் போகவில்லை. மேலே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, என்ன சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை, அதுவரை டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருங்கள் என்று காலைத் தூக்கிக் காட்டுவதோடு அதன் கடமை முடிந்தது.

1982 நவம்பர் 10 போலீஸ் தினம். வருஷாவருஷம் வரும் பாட்டுக் கச்சேரியைக் காணோம். டிவியில் சோக இசை. மாஸ்கோ ஜனங்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். ப்ரெஷ்னேவ் போய்விட்டார் என்று அரசாங்கம் வாய் திறந்தது மறுநாள்தான். அடுத்து 1984-ல் ஆந்த்ரோபோவ், 1985-ல் செர்னென்கோ. இரண்டரை வருஷத்துக்குள் மூன்று தலைவர்கள். காலையில் வயலின் கேட்டாலே கடிகாரத்தை நிறுத்திவிட்டு யார் என்று கேட்கும் அளவுக்கு நாடே தேறிவிட்டது.

1991 ஆகஸ்ட் 19 காலை டிவியைப் போட்டால் சைகோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ பாலே. நான்கு குட்டி அன்னங்கள் கை கோத்துக்கொண்டு ஆடுகின்றன. தெருவில் டாங்கி. கிரிமியாவில் ஓய்வெடுக்கப் போன சோவியத் ஜனாதிபதி கோர்பச்சேவுக்கு ‘உடம்பு சரியில்லை’ என்று எட்டுப் பேர் கொண்ட அவசரநிலைக் கமிட்டி அறிவித்தது.

ராணுவம், போலீஸ், கேஜிபி மூன்றையும் கையில் வைத்திருந்த அந்த எட்டுப் பேரும் கோட்டைவிட்டது டிவியில்தான். சாயங்காலம் பத்திரிகையாளர் கூட்டம். தாத்யானா மால்கினா என்ற இளம் நிருபர் எழுந்து, நேற்று ராத்திரி நீங்கள் செய்தது ஆட்சிக்கவிழ்ப்பு என்று உங்களுக்குப் புரிகிறதா என்று டீச்சர் மாதிரிக் கேட்டார். துணை ஜனாதிபதி யனாயேவின் கை மேஜைமேல் நடுங்குகிறது. கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ப்ரெஷ்னேவின் குளறலையெல்லாம் வெட்டி ஒட்டிப் பேச்சாக்கிப் பழகிய எலெனா போஸ்ட்னியாக் என்ற இயக்குநர் அரசு டிவியில் இருந்தார். நடுக்கத்தையும் அப்படியே வெட்டிவிடச் சொன்னார்கள். அந்தம்மா வெட்டவில்லை. ராத்திரி ஒன்பது மணி ‘வ்ரேம்யா’ செய்தியில் செர்கேய் மெட்வெதேவ் என்ற நிருபர், மாஸ்கோவில் இன்று என்ன நடந்தது என்கிற சாக்கில், டாங்கிமேல் ஏறி நிற்கும் ரஷ்யக் குடியரசின் ஜனாதிபதி யெல்ட்சினைக் காட்டிவிட்டார். அரசு டிவி, அரசைக் கவிழ்த்தவர்களின் ஆட்சியில், அவர்களுடைய எதிரிக்கு இலவச விளம்பரம் கொடுத்தது. மூன்றே நாளில் கடையைக் கட்டினார்கள்.

பிறகு சுதந்திரம் வந்தது. கடன் வாங்கிக்கொண்டு வந்தது. நாடகம் படித்து, டாக்ஸி ஓட்டி, பாங்க் முதலாளியான குசின்ஸ்கி 1993-ல் என்டிவி ஆரம்பித்தார். முதல் செச்சன் போரைக் கூசாமல் காட்டிய சேனல் அது. ஆனால் 1996 தேர்தலில் அதன் தலைவர் மலாஷென்கோ சேனலையும் பார்த்துக்கொண்டு, யெல்ட்சின் பிரசாரக் குழுவிலும் உட்கார்ந்திருந்தார். அதுவரை சாயங்காலம் மட்டும் கிடைத்த அலைவரிசை தேர்தலுக்குப் பின் முழுநாளும் கிடைத்தது. தற்செயல்தான், வேறென்ன!

என்டிவியின் கிரீடம் ‘குக்ளி’. பொம்மைகள் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து 1994-ல் தொடங்கிய ரப்பர் பொம்மை நையாண்டி. எழுதியவர் விக்டர் ஷெண்டரோவிச். அரசு நிர்ணயித்த கூலியில் உயிர்வாழ முடியாது என்று சொல்ல, யெல்ட்சின் வகையறாவைப் பிச்சைக்காரர்களாக்கினார் ஒருமுறை. தற்காலிகத் தலைமை அரசு வழக்கறிஞர் இலியுஷென்கோ வழக்கு போட்டார். வழக்கு பிசுபிசுத்தது, அவரே அடுத்த வருஷம் லஞ்சப் புகாரில் உள்ளே போனார். யெல்ட்சினுக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் தன் பொம்மையோடு சண்டைக்குப் போனவர் இல்லை.

அடுத்து வந்தவருக்கு அந்தப் பொறுமை இல்லை. 2000 ஜனவரியில் ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மனின் கதை ஒன்றை ஷெண்டரோவிச் எடுத்தாண்டார். அதில் ஒரு கோணல் குள்ளன். தேவதை தலைவாரி விட்டதும் ஊரார் கண்ணுக்கு மன்மதனாகி விடுகிறான். குள்ளன் புடின். தேவதை, அரசு சேனலைத் தன் விரலில் ஆட்டிவந்த கோடீஸ்வரர் பெரெஸோவ்ஸ்கி. பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பெரியவர்கள் சிலர் இதற்கு நடவடிக்கை வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். மே மாதம் குசின்ஸ்கி அலுவலகத்தில் முகமூடி போட்ட சிப்பாய்கள் புகுந்தார்கள். ‘முதல் நபர்’ பொம்மை இனி வரக்கூடாது என்று மேலிடத்திலிருந்து நிபந்தனை வந்ததாக ஷெண்டரோவிச் பிற்பாடு சொன்னார்.

மனுஷன் உடனே கீழ்ப்படிந்தார். அடுத்த நிகழ்ச்சியில் புடின் பொம்மை இல்லவே இல்லை. மலைமேல் ஒரு மேகம், எரியும் புதர், அவ்வளவுதான். மோசேயாக வேஷம் கட்டிய ஜனாதிபதி மாளிகைத் தலைமை அதிகாரி, கண்ணுக்குத் தெரியாத கர்த்தரிடமிருந்து கட்டளைகளை வாங்கி வருகிறார். ரஷ்ய மொழியில் ‘கர்த்தராகிய கடவுள்’ என்பதைச் சுருக்கினால் ‘ஜிபி’. முன்னால் ஒரு ‘கே’ போட்டு, புடினின் பழைய ஆபீஸைக் கண்டுபிடிக்க வேண்டியது பார்வையாளர் பொறுப்பு.

ஜூனில் குசின்ஸ்கி கைது. மூன்று நாள் சிறை, பின்பு ஸ்பெயின். 2001 ஏப்ரலில் கடன் கொடுத்திருந்த கேஸ் கம்பெனி கேஸ்ப்ரோம் வந்து சேனலை எடுத்துக்கொண்டது. தணிக்கையா? சேச்சே, வெறும் கொடுக்கல் வாங்கல்! நிருபர்கள் மூட்டை முடிச்சோடு டிவி-6க்குப் போனார்கள். அதன் முதலாளி நம் தேவதை; அவரும் அதற்குள் நாட்டைவிட்டு ஓடியிருந்தார். 2002 ஜனவரியில் அது அணைந்தது. டிவிஎஸ் என்ற சேனலுக்குப் போனார்கள். 2003 ஜூனில் அதுவும் அணைந்து, அந்த இடத்தில் விளையாட்டுச் சேனல் வந்தது.

2010-ல் நதால்யா சிந்தேயவா தொடங்கிய ‘தோழ்த்’, அதாவது மழை, கொஞ்சம் தாக்குப்பிடித்தது. 2014-ல் லெனின்கிராடு முற்றுகை பற்றிய ஒரு கருத்துக்கணிப்பு போதும் என்று கேபிள்காரர்கள் வரிசையாகக் கைகழுவினார்கள். ஸ்டூடியோவும் போனபின் ஒரு குடியிருப்பு ஃபிளாட்டிலிருந்து ஒளிபரப்பினார்கள். உக்ரைன் போர் தொடங்கி ஒரு வாரத்தில், 2022 மார்ச் 3 அன்று, போர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஸ்டூடியோவைவிட்டு எழுந்து போனார்கள். திரையில் வந்தது கறுப்பு வெள்ளை ‘ஸ்வான் லேக்’. ஓடிப்போய் லாட்வியாவில் லைசென்ஸ் வாங்கினார்கள். ரஷ்ய ராணுவத்துக்குப் பரிந்து பேசுவதாக லாட்வியா அதை டிசம்பரில் ரத்து செய்தது!

அன்னமும் அதே கதிக்கு வந்துவிட்டது. ‘ஸ்வான் லேக் கூட்டுறவு’ என்று ராப் பாடகர் நாய்ஸ் எம்சி ஒரு பாட்டுக் கட்டினார். 2025-ல் பீட்டர்ஸ்பர்க் நீதிமன்றம் ஒன்று அதற்குத் தடை போட்டது. அந்த வருஷமே அதே ஊர்த் தெருவில் அதைப் பாடிய 18 வயதுப் பெண்ணைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.