எங்கள் சர்வரின் மான்மியம்

மாமன் சொத்து மருமகனுக்குப் போகும் நாஞ்சில் நாட்டு வழக்கைப் பாட வந்த தேரூர்க் கவிமணி, அந்த நூலுக்கு 'மான்மியம்' என்றே பெயர் வைத்தார். பெருமை பேசும் சொல்லாலேயே ஒரு கொடுமையைச் சொல்லிவிடலாம் என்பது இந்த மண்ணுக்குப் பழகிய வித்தை. அந்தத் துணிவில், நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் கோப்பு சர்வரை இங்கே புகழப் போகிறேன்.

அதன் முதல் குணம், ஆள் பார்க்காத குணம். லினக்ஸுக்கு நாம் எல்லோரும் எண்கள்தான். ரூட் என்றால் 0. உபுண்டுவிலோ, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸிலோ ஒரு கணினியில் முதலில் சேரும் ஆளுக்கு வழக்கமாக 1000. வடசேரியிலிருந்து வரும் தம்பியின் கணினியில் அவர் 1000. கோட்டாறு அக்காவின் கணினியில் அவரும் 1000. இரண்டு பேரும் பழைய என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வு முறை வழியாக சர்வரின் வாசலுக்கு வந்தால் அது பெயரையோ ஊரையோ விசாரிப்பதில்லை. கணினி சொல்லி அனுப்பும் எண்ணை அப்படியே நம்பிக் கதவைத் திறக்கும். அக்கா பூட்டி வைத்த ஃபோல்டர் தம்பிக்கும் திறந்தது. சந்தேகம் என்பதையே அறியாத அப்படியொரு நெஞ்சை நான் மனிதரிடம் கண்டதில்லை.

இரண்டாவது குணம் வள்ளன்மை. எங்கள் கணக்குப் பிரிவு அண்ணாச்சி ஓய்வு பெற்றார். அவருடைய பயனர் கணக்கை அன்று மாலையே நீக்கினார்கள். கணக்குதான் போனது, பொது வட்டில் அவர் விட்டுச் சென்ற கோப்புகளின் மேல் 1007 என்ற எண் அப்படியே இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் புதிதாக ஒரு பையன் வேலைக்கு வந்தான். நடுவில் ஓர் எண் சும்மாதானே கிடக்கிறது என்று அந்த 1007ஐயே அவனுக்குக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அவன் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அண்ணாச்சி, எல்லாருக்க சம்பளப் பட்டியலும் எனக்குத் திறக்குது. ஒருத்தருக்க ஆஸ்பத்திரிச் சீட்டுகூட இருக்கு. இதெல்லாம் நான் பாக்கலாமா?"

மருமக்கள் வழியில் சொத்து வாங்கியவன் சகோதரியின் மகன். இரத்த உறவாவது இருந்தது. எங்கள் சர்வர் அந்த உறவையும் எதிர்பார்க்கவில்லை. முன்பின் பார்த்திராத பையனுக்கு ஒரு மனிதரின் பணிக்காலம் முழுவதையும் ஒரே இரவில் எழுதிக் கொடுத்தது. மருமக்கள் வழியை மாற்றக் கொல்லம் ஆண்டு 1101இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று தனிச் சட்டமே போட்டது. இந்த எண் வழியை மாற்ற ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதைத்தான் யாரும் வைத்திருக்கவில்லை.

விண்டோஸிடம் இந்த வள்ளன்மை இல்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட அடையாளத்தை அது ஒவ்வொருவருக்கும் தருகிறது. அதன் கடைசித் துண்டுதான் ஒரு டொமைனுக்குள் ஓர் ஆளை அடுத்த ஆளிடமிருந்து பிரித்துக் காட்டும். ஆள் போன பிறகு அந்த எண்ணை வேறு யாருக்கும் அது கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட கஞ்சனையும் லினக்ஸையும் ஒரே கூரையின் கீழ் வாழவைக்க வந்ததுதான் சாம்பா. 1992இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கி வைத்த வேலை அது. அதில் உள்ள விண்பைண்ட், விண்டோஸின் நீள அடையாளத்துக்கு ஈடாக ஒரு லினக்ஸ் எண்ணைத் தரும். எப்படித் தர வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் அலுவலகம் அதை முடிவு செய்யவில்லை. சர்வரின் மூன்றாவது குணம் அங்கேதான் மலர்ந்தது: முந்தி வந்தவருக்கு முந்திய எண். டிடிபி என்ற முறையில் முதலில் உள்ளே வருபவருக்கு முதல் எண், அடுத்து வருபவருக்கு அடுத்தது. கோயில் பந்தியில்கூடக் காணாத சமத்துவம் அது. அந்த வரிசையை ஒரு சிறு கோப்பில் குறித்துக்கொள்ளும். பக்கத்து சர்வருக்குச் சொல்லாது. அந்தச் சர்வர் தன் பந்தியைத் தன் போக்கில் நடத்தும். பழைய இயந்திரம் பழுதாகிப் புதியது வந்தபோது வட்டை மட்டும் கழற்றி மாட்டினார்கள், அந்தச் சிறு கோப்பை மறந்துவிட்டார்கள். மறுநாள் யார் முந்தி வந்தார்களோ அவர்கள் முந்திய எண்களைப் பெற்றார்கள். மேலாளரின் கடிதங்கள் தட்டச்சருக்கும், தட்டச்சரின் வேலைகள் காவலாளிக்கும் உரிமையாயின. பதவி வேறுபாட்டை ஒரே நாளில் ஒழித்த புரட்சி.

குழுக்கள் விஷயத்தில் அது இன்னும் பெரிய மனசு. என்எஃப்எஸ்ஸின் பழைய அடையாள முறை ஒருவரைப் பதினாறு குழுக்களில் மட்டுமே அடையாளம் காட்டும். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்தும் ஊரில் அது போதும் என்று நினைத்திருக்கலாம். பதினேழாவது குழுவில் இருந்தவருக்கு வேலை ஓடாமல் போனது. காரணம் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. இரண்டு கணக்கை ஒன்றோடொன்று பொருத்துவது நாஞ்சில் நாட்டுக்காரனுக்குப் புதிய வேலையா? எங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் பழைய ஆதாரப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான். ஆவணி தொடங்கி மார்கழி நடு வரைக்கும் 824ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு, அதற்குப் பிறகு 825. வடசேரியில் கூட்டினாலும் குளச்சலில் கூட்டினாலும் விடை ஒன்றே. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அரசு மாறியது, ஆதாரத்தைப் படிக்கத் தெரிந்தவரின் கூட்டல் மாறவில்லை.

சாம்பாவில் ரிட் என்ற முறை அச்சாக இந்தக் கூட்டல்தான். விண்டோஸ் அடையாளத்தின் கடைசி எண்ணோடு ஒரு நிலையான தொகையைக் கூட்டு. தொகை 1,00,000 என்றால் 1105 என்ற ஆள் 1,01,105. எத்தனை சர்வர் வைத்தாலும், எல்லாவற்றிலும் அதே தொகை இருந்தால் அவர் அதே ஆள். இயந்திரம் எரிந்து போனாலும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸின் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியிலேயே ஒவ்வொருவருக்கும் லினக்ஸ் எண்ணை எழுதி வைக்கும் வழியும் உண்டு. இரண்டில் ஒன்றை முதல் நாளே தேர்ந்து, அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் போதும். எங்கள் பாட்டனார் காலத்து ஆதார எழுத்தர் செய்ததற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்தப் பையன் நல்ல பிள்ளை. திறந்ததைப் படிக்காமல் என்னிடம் வந்தான். அவன் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால், யாரோ ஒருவரின் நோய்ச் செய்தி வேப்பமூடு சந்திப்பு வரைக்கும் போயிருக்கும். சர்வரின் நம்பிக்கையும் வள்ளன்மையும் சமத்துவமும் அன்று எங்களைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது இருபத்துமூன்று வயதுப் பையனின் கூச்சம்.

உங்கள் அலுவலகத்திலும் லினக்ஸும் விண்டோஸும் ஒரே வட்டைப் பங்கிட்டுக்கொண்டிருந்தால், ஓய்வு பெற்றவர்களின் எண்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று நாளைக் காலையில் கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால், ஒரு நோட்டு வாங்கி அன்றே எழுதத் தொடங்குங்கள்.